செருப்பு சுத்தம், காலில் சேறு

நாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் சைக்கிள் விடுகிற பிள்ளைகள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தலையில் கவசம், கையில் உறை, மணிக்கட்டில் போன தூரத்தைச் சொல்லும் கடிகாரம். ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். "உங்க சர்வீஸ்ல ஒரே நாள்ல அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓட்டியிருக்கீங்க சார்?" என்று குழுவின் செயலாளர் கேட்டாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண். "முப்பத்திரண்டு மைல்" என்றேன். அவள் முகம் சற்று வாடிவிட்டது. அவர்கள் காலையில் கிளம்பி வேதாரண்யம் போய், உப்பளத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறவர்கள். "அந்த முப்பத்திரண்டு மைல்ல ஒரு தெரு இருக்கும்மா. அதை எழுதித் தரட்டுமா?" என்றேன். எழுதுங்கள் என்றாள். மரியாதைக்குச் சொன்னாளோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என் பெயர் கலியபெருமாள். வருவாய்த் துறையில் நோட்டீஸ் கொடுக்கும் ஊழியனாகச் சேர்ந்தேன். ஆபீசில் பிராசஸ் சர்வர் என்பார்கள், கிராமங்களில் நோட்டீசுக்காரர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு பண்ணையாள் வீட்டில் பிறந்து, நாகையில் அரசு விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். சைக்கிள் கற்றது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில். இடது முழங்காலில் இருக்கும் தழும்பு அந்தப் பத்து நாள் படிப்புக்குக் கிடைத்த சான்றிதழ். வேலைக்கான நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வியும், "சைக்கிள் விடத் தெரியுமா?" என்பதுதான்.

அந்த நாகப்பட்டினத்தை உங்களுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. மேடு என்ற ஒன்றே இல்லாத ஊர். விடிந்தால் துறைமுகத்துக்குப் போகும் சைக்கிள்கள் கிழக்கே ஓடும், மீன் கூடையைக் கேரியரில் கட்டிய சைக்கிள்கள் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மேற்கே ஓடும். நடுவில் வாத்தியார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், கைலியை மடித்துக் கட்டிய கப்பல் சாமான் வியாபாரிகள். மணிச் சத்தம் ஒரு மணி நேரத்துக்கு ஓயாது. பெரிய கடைத்தெருவில் ஒரு டீக்கடைக்காரர் இருந்தார். பாய்லருக்குப் பின்னால் நின்றபடியே, திரும்பிப் பார்க்காமல், எந்த மணி யாருடையது என்று சொல்லிவிடுவார்.

சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குப் போவோம். சைக்கிளைப் பூட்டாமல் மணலில் சாய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். கடல்காற்று வீசும்போது, மணலில் படாமல் மேலே தூக்கிக்கொண்டிருக்கும் சக்கரங்கள் தாமாகவே சுற்றும். வரிசையாக, ஆள் இல்லாமல், மெல்ல மெல்ல. ஒன்று நிற்கும், பக்கத்தில் இன்னொன்று ஆரம்பிக்கும். நான் கடலைப் பார்த்ததைவிட அந்தச் சக்கரங்களைப் பார்த்த நேரம்தான் அதிகம். இந்த வயதில் தூக்கம் வராதபோது அவற்றை நினைத்துக்கொள்கிறேன், அவை சுற்ற ஆரம்பித்ததும் கண் செருகிவிடுகிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். நாகையில் சைக்கிளில் போகிற யாரையும் யாரும் இறங்கச் சொன்னதில்லை. கேரியரில் ஆளை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் இறங்கச் சொல்வார். அது எல்லோருக்கும் பொது. ஆனால் பத்து மைல் மேற்கே போனால் உலகம் வேறு. சில ஊர்களில் மிராசுதார் தெரு என்று ஒன்று இருக்கும். எங்களைப் போன்றவர்கள் அந்தத் தெருமுனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரு முடியும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டி வைத்திருக்கவில்லை. எங்கள் கால்களில் எழுதியிருந்தது.

கழக ஆட்சி வந்த புதிது அது. கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்தது. கூலி கேட்டு ஒரு பக்கம் கொடி, கொடுக்க முடியாது என்று ஒரு பக்கம் கொடி, இரண்டுக்கும் நடுவில் வயலில் போலீஸ் முகாம். குடிசைகள் எரிந்த ஊர்கள் உண்டு. அந்த ஊர்களின் வழியாகப் போகும்போது நான் மணி அடிக்க மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் தாத்தா காலத்திலிருந்து உழுதவனும் கூலியாள்தான். மனுப் போட்டவருக்கும் மிராசுதாருக்கும் விசாரணைத் தேதி சொல்லி நோட்டீஸ் போகும். அதைச் சுமந்து போகிறவன் நான்.

நோட்டீஸை உரியவர் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கி வருவதற்குச் சார்வு என்று பெயர். ஆளை நேரில் பார்க்க வேண்டும். தகப்பன் பெயர் கேட்டு இவர்தான் அவர் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு கதவில் ஒட்ட வேண்டும். பிறகு நகலின் பின்பக்கத்தில், "இன்ன தேதி, இன்ன மணிக்கு, நேரில் சார்வு செய்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரியை நம்பித்தான் விசாரணை நடக்கும்.

எங்கள் தனித் தாசில்தார் பெயர் தேவசகாயம். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆபீசுக்கு ஜீப் இருந்தது, ஆனால் அவர் சைக்கிளில்தான் வருவார். சாயங்காலம் நாங்கள் ஊர் சுற்றித் திரும்பும் நேரத்தில் சைக்கிள் கொட்டகைக்கு வந்து நிற்பார். எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், சக்கரத்தைப் பார்ப்பார். குனிந்து மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுச் சுரண்டி, எடுத்ததை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். வெள்ளை மணல் என்றால் கடலோரம், சிவந்த புழுதி என்றால் சிக்கல் ரோடு, நகத்துக்குள் போனால் வராத கறுப்புக் களி என்றால் கீழ்வேளூருக்குத் தெற்கே. கடையில் டீ குடித்துவிட்டு வந்து "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிய ஒருவரை, "உன் சக்கரம் ஊரைத் தாண்டலையேப்பா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்களில் யாரும் சைக்கிளைத் துடைத்துவிட்டு ஆபீசுக்குள் வருவதில்லை.

அஞ்சலையின் நோட்டீஸ் என் கைக்கு வந்தது ஓர் ஆனி மாதத்தில். 'அஞ்சலை, காலஞ்சென்ற மாணிக்கத்தின் மனைவி, மருதங்காவூர், ஆறு மா நிலம்' என்று இருந்தது. ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். புருஷன் குத்தகைக்கு உழுத நிலத்தில் அவன் செத்த பிறகு இவள் பயிர் வைக்கிறாள், பெயரை ஏற்றுங்கள் என்று மனு. இவள் குத்தகைதாரியே இல்லை, வெறும் நடவுக் கூலி என்று மிராசுதார் ஆட்சேபணை. விசாரணை மறுநாள் காலை பதினொரு மணிக்கு. அதற்கு முந்தைய நோட்டீசுகள் இரண்டும் எப்படியோ அவளுக்குப் போய்ச் சேராமல் நின்றுபோயிருந்தன.

நாகையிலிருந்து பதினாறு மைல். ஆனியில் மேல்காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஊர்முனைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். ஆற்றில் அப்போதுதான் புதுத் தண்ணீர் வந்திருந்தது. தெருமுனை வாய்க்கால் வழிந்து தெருவெல்லாம் கணுக்கால் வரை சேறு. அங்கே இருந்தது ஒரே தெரு, மிராசுதார் தெரு. அதைத் தாண்டி, கடைசியில் மண்பாதையில் இறங்கினால்தான் குடியிருப்பு.

காக்கிச் சட்டை போட்டிருந்தேன். பையில் அரசாங்க முத்திரை போட்ட தாள் இருந்தது. யாரும் என்னை இறங்கு என்று சொல்லவில்லை. தெருவில் ஆளே இல்லை. ஆனாலும் முனை வந்ததும் என் கால் பெடலை விட்டு வந்துவிட்டது. எப்போது இறங்கினேன், எப்போது செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன் என்று எனக்கே தெரியாது. பாதித் தெரு தள்ளிக்கொண்டு போன பிறகுதான், நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது.

பண்ணை வீட்டுக் காரியஸ்தர் அந்தச் சமயம் பார்த்து வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். நில விவகாரங்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். என் காக்கியைப் பார்த்ததும் முதலில் எழுந்து நிற்கப் போனார். பிறகு ஹேண்டில்பாரில் தொங்கும் செருப்பைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"எந்த ஊருப்பா நீ? யாரு மவன்?"

சொன்னேன். ஊரைச் சொன்னதுமே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அஞ்சலைக்கா? அவ கொல்லையில நாத்தங்காலுக்குத் தண்ணி வச்சிக்கிட்டு நிப்பா. இந்தச் சேத்துல நீ எதுக்குப் போற? இஞ்ச குடு. ஆளை விட்டு ரேகை வாங்கியாரச் சொல்றேன். மோர் சாப்பிடு."

கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று இந்த ஐம்பது ஆண்டுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொல்லிவிட்டால் சுலபம். பயம்கூட இல்லை. சைக்கிளை விட்டு இறங்கியவன் நோட்டீசுக்காரனாக இல்லை. பண்ணைக்கு வந்த பண்ணையாள் வீட்டுப் பிள்ளையாக நின்றேன், பெரியவர் கேட்டதும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நகல் திரும்பி வந்தது. மை ஈரம் காயாத ஒரு பெருவிரல் ரேகை. அது யாருடைய விரல் என்று கேட்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், வாய்க்கால் தாண்டி ஏறி உட்கார்ந்து, வழியில் ஒரு மரத்தடியில் "நேரில் சார்வு செய்தேன்" என்று எழுதினேன்.

திரும்பும்போது மேல்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் புதுத் தண்ணீர் வெயிலில் மின்னியது. வேலை முடிந்தது என்று பாடிக்கொண்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொட்டகையில் தாசில்தார் நின்றார். மட்கார்டுக்கு அடியில் சுரண்டினார். கறுப்புக் களி. தலையை ஆட்டினார். நகலை வாங்கிப் பார்த்தார், அதற்கும் தலையை ஆட்டினார். நிமிரும்போது அவர் கண் என் காலில் நின்றது.

"ஏன் கலியபெருமாள், செருப்பு சுத்தமா இருக்கு. காலு சேறா இருக்கு?"

சேறு காய்ந்து கணுக்கால் வரை வெடித்திருந்தது. செருப்பில் ஒரு பொட்டு இல்லை.

"செருப்பைக் கழட்டிட்டுச் சேத்துல நடந்திருக்கே. வயல்ல எறங்கினியா?"

"இல்ல சார். தெருவுல."

"தெருவுல எதுக்கு எறங்கினே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. தெரு, காரியஸ்தர், மோர், ரேகை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சைக்கிள் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். வேதக்காரர், கிறிஸ்தவர்தான், ஆனால் அவர் தகப்பனாரும் எங்கேயோ ஒரு தெருவில் இறங்கித் தள்ளியவராக இருக்க வேண்டும் என்று அவர் கேட்ட விதத்தில் எனக்குத் தோன்றியது. அது நிஜமா என்று கடைசி வரை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"சார்வு ஆகலைன்னு எழுதி வாய்தா போடலாம்" என்றார். "அடுத்த விசாரணை ஒரு மாசம் கழிச்சு வரும். நாளன்னைக்கு அந்த நிலத்துல டிராக்டர் எறக்கப் போறதாத் தகவல் இருக்கு. மிராசுதார் ஒரு தடவை உழுதுட்டா, அனுபோகம் அவர் கைக்குப் போயிடும். அப்புறம் நான் என்ன எழுதினாலும் காகிதம்தான்."

சீட்டிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு அந்தம்மா பேரை மூணு தடவை கூப்பிடச் சொல்லுவேன். வந்து நின்னா விசாரிப்பேன். வரலைன்னா மனு தள்ளுபடி. நீ பொய் எழுதினது வேற கணக்கு, அதை அப்புறம் பார்க்கிறேன்."

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஜீப்பைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அரசாங்க ஜீப்பில் ஒரு தரப்பை மட்டும் ஏற்றி வந்தால் விசாரணையே செல்லாது என்று ஆட்சேபிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும்.

கிழக்கு வெளுக்கும் முன்பே மிதிக்க ஆரம்பித்தேன். சிக்கல் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் சூரியன் வந்தது. என் நிழலும் சைக்கிள் நிழலும் ரோட்டில் நீளமாக எனக்கு முன்னால் ஓடின. எவ்வளவு மிதித்தும் நிழலைப் பிடிக்க முடியவில்லை. காற்று அன்றைக்கு இரக்கமே இல்லாமல் அடித்தது. நாற்றங்கால்களில் முளை விட்டிருந்த பச்சை ஒரே பக்கமாகப் படுத்து எழுந்தது. வழியில் ஒருவரும் இல்லை. ஒரு கட்டத்தில் நான் மிதிப்பதாகவே தோன்றவில்லை. நான் நின்ற இடத்திலேயே இருக்க, ரோடும் வாய்க்காலும் பனை மரங்களும் என்னைக் கடந்து கடலுக்குப் போய்க்கொண்டிருப்பது போல் இருந்தது.

மருதங்காவூர்த் தெருமுனை. இந்தத் தடவை இறங்குவதில்லை என்று கீழ்வேளூரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கினேன். ஆமாம், இறங்கித்தான் தள்ளினேன். காரியஸ்தருக்குச் சந்தேகம் வரக்கூடாது அல்லவா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இன்னைக்குமா?"

"பக்கத்து ஊருக்குங்க" என்றேன்.

அஞ்சலை நாற்றங்காலில் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். காக்கியைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நோட்டீசா? எனக்கு ஒண்ணும் வரலீங்களே. தேதியே சொல்லலன்னு பண்ணையில சொன்னாங்க."

"தேதி இன்னைக்குத்தாம்மா. பதினொரு மணிக்கு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். "இன்னைக்கு என் முறைத் தண்ணிங்க. இதை விட்டா அடுத்த முறைக்குள்ள நாத்து காஞ்சி போயிடும். நீங்க சொல்றதை நம்பி நான் எப்படி வர்றது? நேத்து ஒரு நோட்டீசுக்காரரு வந்தாரு, பண்ணையில மோர் குடிச்சிட்டுப் போயிட்டாருன்னு சொன்னாங்க. அது யாரு?"

"நான்தாம்மா."

வரப்பில் நின்றபடி சொன்னேன். யாருடைய ரேகையோ வாங்கிக்கொண்டு, உங்கள் கையில் கொடுத்ததாக எழுதினேன் என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கால்களைப் பார்த்தாள், தூரத்தில் பாதையில் நின்ற சைக்கிளின் ஹேண்டில்பாரில் தொங்கிய செருப்பைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நீயும் தள்ளிக்கிட்டுத்தான் வந்தியா?" என்றாள். அந்த இடத்தில்தான் 'நீங்க' போய் 'நீ' ஆனேன். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரனாகச் சேர்த்துக்கொண்டாள் என்றே இருந்தது.

பக்கத்து வயலில் நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டு, "மடையைப் பாத்துக்கடி, தண்ணி ஒடைச்சிக்கிட்டுப் போயிடப்போவுது" என்றாள். பிறகு வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினாள். விரல் இடுக்கில் எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "ஆபீசுக்குச் சேத்தோடயா வர்றது? நீயும் கழுவு தம்பி." கழுவினேன். பையிலிருந்து நோட்டீஸின் மறு நகலை எடுத்துப் படித்துக் காட்டி, அவளுடைய சொந்த விரலின் ரேகையை வாங்கினேன். பாதை வரை நடந்து வந்தோம். நான் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் சைக்கிளை நெருங்கியதும் நின்றுவிட்டாள்.

"இதுல நான் எங்க ஒக்கார்றது?"

"கேரியர்ல. ஒரு பக்கமாக் காலைத் தொங்கப்போட்டு, சீட்டைப் புடிச்சிக்குங்க."

"விழுந்துட்டா?"

"விழ மாட்டீங்க."

"நீ எழுதினதை நம்பலாமான்னே தெரியல, சொல்றதை நம்பச் சொல்ற" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். ஆளில்லாத மண்பாதை. சைக்கிள் இரண்டு தரம் பாம்பு போல் வளைந்தது, மூன்றாவது தரம் நேரானது. பின்னால் "மாரியாத்தா, மாரியாத்தா" என்று ஜபம்.

மண்பாதை தெருவில் ஏறியது. தெருவின் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காரியஸ்தர் யாரோ இரண்டு பேரிடம் பேசிக்கொண்டு நின்றார். முன்சக்கரம் தெருவுக்குள் நுழைந்ததும் என் வலது கால் பெடலை விட்டு எழுந்தது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. கால் தானாகவே எழுந்து, தரையைத் தேட ஆரம்பித்தது. எதிரே நிற்கிற மனிதர் என்னை ஒன்றும் செய்திருக்கவில்லை. இருந்தும் வேகம் குறைந்தது, சைக்கிள் சாய்ந்தது, இன்னும் ஒரு நொடியில் இறங்கியிருப்பேன்.

சீட்டைப் பிடித்திருந்த கை என் இடுப்புத் துணியைப் பிடித்தது.

"எறங்காத தம்பி" என்றாள் அஞ்சலை. சத்தமாகக்கூட இல்லை. "மிதி."

மிதித்தேன். மணியில் விரல் போனது, அடித்தேன். காரியஸ்தர் திரும்பினார். பேசிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. வழி மறிக்கத் தோன்றாமல் ஒதுங்கிக்கொண்டார். மணி அடித்தால் ஒதுங்குவது அவர் காலுக்கும் பழக்கம்தானே. சேற்றில் சக்கரம் சீறியது. வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வேப்பமரம், கிணறு, நெற்குதிர், கோயில் சுவர். எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல ஓசையில்லாமல் போயின. "டேய்! நில்லுடா!" என்று ஒரு குரல் வந்தபோது நாங்கள் வாய்க்காலைத் தாண்டியிருந்தோம்.

என் இடுப்புத் துணியை அவள் இன்னும் விடவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு கேட்டாள்:

"இந்தத் தெரு இவ்வளவுதானா, தம்பி? நான் எம்மாம் பெரிசுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகான பதினாறு மைலை நான் ஓட்டினேன் என்று சொல்ல மாட்டேன். காற்று ஓட்டியது. கீழ்வேளூரில் கிழக்கே திரும்பியதும் அது எங்கள் இருவரையும் அள்ளிக்கொண்டு போனது. அவள் சீட்டைப் பிடித்த பிடி தளர்ந்தது. வயல்களைப் பார்த்து யாருடைய நிலம் எது, எதில் களை அதிகம், எவன் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு தரம், "வேகமா வேணாம், நல்லாருக்கு" என்றாள். எனக்கும் அந்த ரோடு முடியவே வேண்டாம் என்று இருந்தது. முடிந்தால் விசாரணை, விசாரணை முடிந்தால் என் வேலை. சிக்கல் தாண்டியதும் உப்பு வாசனை வந்தது. "என்ன வாடை?" என்று கேட்டாள். கடல் என்றேன். பதினாறு மைலில் இருந்துகொண்டு அவள் கடலையே பார்த்ததில்லை.

ஊருக்குள் நுழையும்போது டபுள்ஸுக்குப் போலீஸ்காரர் நிறுத்தினார். காக்கியைப் பார்த்து, "என்னய்யா நீயே?" என்றார். "விசாரணை சார், பதினொண்ணுக்கு" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையை வீசிப் போகச் சொன்னார்.

நாங்கள் வராந்தா படியில் கால் வைத்தபோது டவாலி மூன்றாவது தடவையாக, "மருதங்காவூர் அஞ்சலை!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மிராசுதாரின் வக்கீல் காகிதங்களைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டிருந்தார்.

"இருக்கேன்யா" என்றாள் அஞ்சலை. வயலில் எட்டத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல். ஆபீஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

விசாரணை மத்தியானம் வரை நடந்தது. எந்த மடையில் தண்ணீர் வரும், மேற்கு எல்லையில் என்ன மரம், புருஷன் இருந்தபோது என்ன நெல், அவன் போன பிறகு என்ன நெல் என்று தாசில்தார் கேட்டுக்கொண்டே போனார். அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். அதையே தாசில்தார் கேட்டபோது, மிராசுதாரின் சாட்சிக்கு மேற்கு எல்லை மரமே தெரியவில்லை. அன்றைக்கே உத்தரவானது, பெயர் ஏறியது. டிராக்டர் இறங்கவில்லை. இன்று அந்த ஆறு மாவில் அவள் பேரன் பயிர் வைக்கிறான், அந்தத் தெரு வழியாகத்தான் மோட்டார் சைக்கிளில் போகிறான். சைக்கிள் குழுப் பிள்ளைகளே, அந்தப் பக்கம் போனால் போய்ப் பாருங்கள். இருநூறு கெஜம்கூட இருக்காது.

அஞ்சலை அன்றைக்குக் கடலைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மணலில் கிடந்த சைக்கிள்களில் சக்கரங்கள் சுற்றுவதைப் பார்த்து, "யாரு தம்பி மிதிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு ஆபீசுக்குத் திரும்பியபோது கொட்டகையில் தாசில்தார் நின்றார். கையில் மடித்த தாள் ஒன்று. பொய்ச் சார்வு அறிக்கை எழுதியதற்கு விளக்கம் கேட்கும் மெமோ. என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவது ஓர் ஆண்டு தள்ளிப்போகும் என்பது அதில் அவர் எழுதியிருந்த விதத்திலேயே தெரிந்தது. வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அது என் கணக்கு.

அவர் வழக்கம்போல் குனிந்தார். ஆனால் சக்கரத்தைத் தொடவில்லை. என் காலைப் பார்த்தார். செருப்பு போட்டிருந்தேன். அது முன்சக்கரம் வாரி அடித்த களியில் கறுத்துக் கிடந்தது. அதற்குள்ளே கால் சுத்தமாக இருந்தது.

நெடுநேரம் பார்த்தார்.

"சரி, கலியபெருமாள்" என்றார். "போய்ச் சாப்பிடு."